மரத்துக்கு ஒரு பெயர்

என் தம்பி அமெரிக்காவில், பாஸ்டன் நகரில் வேலை பார்க்கிறான். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம்.

பாஸ்டன் பூங்காவில் வைக்கும் கிறிஸ்மஸ் மரத்தை, 2005-இல் நகராட்சியின் இணையப் பக்கம் ‘விடுமுறை மரம்’ என்று குறிப்பிட்டதாம். பெரிய சர்ச்சையாகிவிட்டதாம்.

“அதில் என்னக்கா தப்பு? பெரிய நகரம். யூதர், முஸ்லிம், இந்து எல்லாரும் இருக்கிறோம். யார் மனமும் ஒதுங்கக் கூடாதே” என்றான்.

நியாயம்தான். ஆனால், மரம் வந்த கதையையும் அவனே சொன்னான். 1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சுமார் 2,000 பேர் மாண்டார்கள். பாஸ்டன் மக்கள் மருத்துவர்களையும் மருந்தையும் ரயிலில் அனுப்பினார்கள். அந்த நன்றிக்காகத்தான் 1971 முதல் ஆண்டுதோறும் அங்கிருந்து மரம் வருகிறது.

“கம்பத்து மலாய்க்காரர் வீட்டுக்கும் சீனர் மளிகைக் கடைக்கும் அம்மா முறுக்குக் கொடுத்தனுப்புவாரே, ‘விடுமுறைப் பலகாரம்’ என்றா சொன்னார்? தீபாவளிப் பலகாரம் என்றதும் யாராவது வேண்டாம் என்றார்களா?” என்றேன்.

தம்பி சிரித்தான். பிறகு மெல்ல, “பத்து வருஷமாக அந்த அடுக்குமாடியில் இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாதக்கா” என்றான்.

புறப்படும்போது ஒரு டின் முறுக்கைக் கொடுத்து, “எதிர்வீட்டுக்கு. பெயர் சொல்லியே கொடு” என்றேன்.

டிசம்பர் கடைசியில் தம்பி பேசினான். எதிர்வீட்டிலிருந்து கிறிஸ்மஸ் கேக் வந்ததாம். அவர் பெயரும் தெரிந்துவிட்டதாம்.