லெட்ரா தெரு, மாலை ஐந்து மணி

தீவுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் கடலைப் பற்றித்தான் பேசினார்கள். சைப்ரஸின் தலைநகரான நிகோசியாவிலோ கடல் இல்லை. லார்னகாவில் விமானத்தை விட்டு இறங்கி, வெயிலில் காய்ந்து வெளிறிய வயல்களினூடே பேருந்தில் உள்நாட்டுக்குள் வரவேண்டும். நகரத்துக்கு வடக்கே ஒரு மலைத்தொடர் தெரிகிறது. அந்தப் பக்கம் போனால் கடல். ஆனால் நடுவில் ஒரு கோடு இருக்கிறது.

1963 டிசம்பரில் கிரேக்க சைப்ரஸ்காரர்களுக்கும் துருக்கிய சைப்ரஸ்காரர்களுக்கும் மோதல் வெடித்தபோது, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்த கோடு அது. 1974-இல் துருக்கிப் படை வந்திறங்கிய பிறகு, தீவின் குறுக்கே சுமார் 180 கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது. லெட்ரா தெருவில் நடந்து கடக்க வழி திறந்தது 2008-இல்தான்.

வகுப்பு முடிந்ததும் அந்தத் தெருவில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வண்டிகள் நுழையாத கடைத்தெரு. ஐஸ்கிரீம் கடை, செருப்புக்கடை, ஒரே கோப்பை ஃப்ராப்பேயை மணிக்கணக்கில் உறிஞ்சும் இளைஞர்கள். கடைகள் முடிகிற இடத்தில் ஒரு காவல் கூண்டு. அதற்கப்பால் கொஞ்ச தூரத்துக்கு ஆளற்ற, அடைத்துக் கிடக்கும் கட்டடங்கள். பிறகு இன்னொரு கூண்டு. அதில் வேறு கொடி.

எனக்கு வேடிக்கை, மனிதர்களின் கைகள். போனில் பேசியபடியே வரும் பெண்ணின் விரலிடுக்கில் அடையாள அட்டை தயாராக நிற்கிறது. பேச்சு அறுபடாமல் கடந்து போகிறாள். சுற்றுலாப் பயணி இடுப்புப் பையைத் துழாவுகிறார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு தாத்தா, பேரனோடு கூண்டுவரை வருகிறார். பையன் கையைப் பிடித்து முன்னால் இழுக்கிறான். அவருடைய இன்னொரு கை சட்டைப் பையின் பக்கம் போகவே இல்லை. சொந்த மண்ணுக்குள் கால் வைக்க யாரிடமும் அட்டை நீட்டமாட்டோம் என்று வைராக்கியமாக இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பி நடக்கிறார்.

வடக்குக் கூண்டிலிருந்து, துருக்கிய சைப்ரஸ்காரர்களின் பக்கத்திலிருந்து, ஒரு மூதாட்டி வருகிறார். நேரே செருப்புக்கடை. வாசலில் அடுக்கியிருப்பதில் ஒன்றை எடுத்து, அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்து, நகத்தால் தையலைச் சுரண்டி, கிரேக்க மொழியிலேயே பேரம் பேசுகிறார். இரு சமூகத்தாரும் கலந்து வாழ்ந்த கிராமங்கள் பல இருந்த காலத்தில் பேசிப் பழகிய நாக்கு, தடுமாற்றமே இல்லை. கல்லாவில் நிற்கும் இளம்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. விலை இறங்குகிறது.

பக்கத்து மேசையில் என் வயதில் இருவர்; ஒருவன் இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். சுற்றிலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கால்பந்து, வாடகை, வேலைக்கு வெளிநாடு போவது என்று பேச்சு ஓடுகிறது, முழுக்க ஆங்கிலத்தில். கூண்டைத் தாண்டுவது இவர்களுக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த மூதாட்டியைப்போல அடுத்தவர் மொழியில் ஒரு செருப்புக்குப் பேரம் பேச இவர்கள் இருவராலும் முடியாது.