பழி சுமந்த தாய்

கருவுற்றவள் கிரகணத்தைக் கண்டால் பிள்ளையின் மேனியிலே புள்ளி விழுமாம்! செட்டிநாட்டின் வளவு வீடுகளிலே இன்றும் ஒலிக்கும் தீர்ப்பு இது. வானிலே நிழல் விழுந்ததற்குத் தாய் வயிற்றைக் குற்றவாளியாக்கும் விந்தையை என்னென்பது!

காரைக்குடிக்கு அருகே, ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறையில் இருந்த இளைஞன் ஒருவனை நாம் அறிவோம். வயது இருபது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். உடலெங்கும் பால் கலந்த காப்பி நிறத்திலே புள்ளிகள். வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று வீட்டார் மறைக்கச் சொன்னார்கள், மருத்துவரிடமும் மறைத்தார்கள். முதுகிலே விடாத வலி வந்தது, வாயுப்பிடிப்பு என்றார்கள். மூச்சு இரைத்தது, சிமெண்டுத் தூசி என்றார்கள். மதுரையிலே எக்ஸ்ரே எடுத்தபோதுதான், முதுகெலும்பை ஒட்டி, நெஞ்சுக் கூட்டினுள்ளே பெருங்கட்டி தெரிந்தது. நரம்புறையில் முளைத்துப் புற்றாக மாறிய கட்டி. முழுதும் அறுத்தெடுக்கும் காலம் கடந்திருந்தது. பத்துத் திங்களில் அவனை இழந்தோம்.

அவன் தந்தையின் முதுகிலும் அதே புள்ளிகள், சிறு சிறு கழலைகள்! யார் கண்ணிலும் படவில்லை. பழியும் பரிகாரச் செலவும் தாயின் தலையிலே!

இக்கழலைகள் நரம்பிலிருந்து கிளைப்பவை என்பதை 1882இலேயே ஜெர்மானிய அறிஞர் ரெக்லிங்ஹாசன் காட்டினார். 1990இல், பதினேழாம் குரோமோசோமிலுள்ள மரபணுவையும் கண்டறிந்தனர். உயிரணுவின் வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் புரதத்தை ஆக்குவது அது. ஏறத்தாழ 3000 பேரில் ஒருவருக்கு அது பழுதுற்றிருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. நோயுற்றோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கோ அது புதிதாகவே தோன்றுவது. அத்தை மகளை மணந்ததன் விளைவு என்று நம் தோழர்கள் சிலர் பேசுவதும் பொருந்தாது. உறவுமணத்தை மறுக்க வேறு காரணங்கள் உண்டு. இந்நோயை அந்தக் கணக்கிலே எழுத வேண்டாம். தந்தைமீதும் குற்றமில்லை. மரபணுவைத் தேர்ந்தெடுத்தா தருகிறோம்?

புள்ளியுள்ளோர் எல்லோரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. வாழ்நாளில் இத்தகைய நரம்புப் புற்று வருவது நூற்றுக்குப் பத்துப்பேர் அளவுக்கே. நெஞ்சினுள் வருவது அதனினும் அரிது. ஆனால் அங்கே முளைப்பது கைக்குத் தட்டுப்படாதே! குழந்தையின் மேனியில் ஆறோ அதற்கு மேலோ இத்தகைய புள்ளிகள் இருந்தால் ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டுக. உறக்கத்தைக் கெடுக்கும் வலி, விரைந்து பெருக்கும் கழலை, காரணம் புரியாத மூச்சுத் திணறல், கைகால் தளர்ச்சி கண்டால் ஆண்டு முடியக் காத்திராதீர்; புள்ளிகளைக் காட்டியே பேசுக. சிவகங்கையிலே 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அந்தத் தங்கையை இன்னும் அங்கே அழைத்துச் செல்லவில்லை, ஜாதகம் பார்க்கிறார்கள்.