செங்குத்து

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கூர்நுனித் தூண்கள். 1613ல் எழுந்த கெல்டிரியா கோட்டை இன்று புதர் மூடிய இடிபாடு. இறந்தவர்களுக்குக் கட்டியவைதான் நிற்கின்றன.

இவற்றைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல். காமிராவை அண்ணாந்து பிடித்தால் பக்கக் கோடுகள் மேலே நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்வதுபோல் விழும். இது லென்ஸின் குற்றமல்ல. படத்தளம் சுவருக்கு இணையாக இல்லை, அவ்வளவுதான். பெல்லோஸ் காமிராக்காரர்கள் லென்ஸ் பலகையை மேலே நகர்த்திச் சமாளித்தார்கள். 2013ல் வந்த லைட்ரூம் 5ல் இதற்கு ஒரு பொத்தானே உண்டு. மென்பொருள் தானே கோடுகளைத் தேடி, படத்தின் மேற்பகுதியை விரித்து நிமிர்த்துகிறது. ஓரங்கள் வெட்டுப்படும்.

கூர்நுனித் தூண் ஒன்றை இப்படி நிமிர்த்திப் பார்த்தேன். தூண் தடித்துவிட்டது. கட்டியவன் வைத்த சரிவும் காமிரா உண்டாக்கிய சரிவும் பொத்தானுக்கு ஒன்றுதான். விமர்சனத்திலும் இது நடக்கிறது. கவிதையின் கோணல் எழுதியவனுடையதா, வாசிப்பவன் நின்ற இடத்தால் வந்ததா என்று கேட்காமலே நிமிர்த்திவிடுகிறோம்.

மூன்றாவது சரிவு ஒன்றுண்டு: மண் இளகியதால் வந்தது. ஏரிக்கரைக் குப்பமொன்றில் பழைய செங்கற்சுவரொன்றை நான் வளைய வருவதைப் பார்த்து, வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இரண்டை எடுத்து நீட்டினார். "நூல்ல கட்டித் தொங்கவிடு சார். எது சாஞ்சிருக்குதுன்னு அது சொல்லும்."

சுவரின் இருபுறமும் சவுக்குக் கழி நட்டு, நூல்களைத் தொங்கவிட்டுப் படமெடுத்தேன். உண்மையான செங்குத்துகள் எல்லாம் படத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓடுபவை. ஆகவே இரண்டு நூல் போதும். மென்பொருளிடம் சுவரைக் காட்டாமல் நூல்களைக் காட்டினேன். நூல்கள் நிமிர்ந்தன. சுவர் ஏரிப்பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றது. உயர அகல விகிதத்துக்கு இதிலும் உத்தரவாதமில்லை. அதற்குச் சுவரையே அளக்க வேண்டும்.

நிமிர்த்திய படம் பார்வைக்கு இதமானது. ஆனால் அஸ்திவாரம் இறங்குகிறது என்பதற்கான சாட்சியத்தையும் அது அழித்துவிடக்கூடும். பத்தாண்டு கழித்து யாராவது அந்தச் சுவரைப் பார்க்க வந்தால், அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட ஏதாவது வேண்டும். அழகுக்காக நூல்களைப் படத்திலிருந்து நீக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். நான் நீக்குவதில்லை.