வெளிச்சமும் தீனிதான்

நவம்பர் 8

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து எங்கள் பெரம்பூர் பால்கனிக்கு வெயிலே வரவில்லை. கூண்டை ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்தாயிற்று. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. பட்ஜி கிளிகள் நான்கும் சத்தமில்லாமல் குச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. டாக்டர் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார். தினை, முருங்கைக்கீரை, கொத்துவதற்குக் கடல்நுரை (கணவாய் ஓடு) எல்லாம் இருக்கின்றன. இல்லாதது வெயில் ஒன்றுதான்.

வெயில் பறவைக்கு வெறும் வெளிச்சம் இல்லை. சிறகு மூடாத கால்களிலும் முகத்திலும் புற ஊதா-பி கதிர் பட்டால்தான் அதன் தோலில் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். டி3 குறைந்தால், கடல்நுரையை எவ்வளவு கொத்தித் தின்றாலும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தினையிலோ மற்ற தானியங்களிலோ டி3 கிடையாது. தானியம் மட்டுமே தின்று வீட்டுக்குள்ளேயே வாழும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்கு இரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வருவதைப் பறவை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போதாது. கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். புற ஊதா-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

நவம்பர் 15

பறவைக்கென்று தயாரித்த புற ஊதா விளக்கு ஒன்று வாங்கினேன். கடையில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று எழுதிய அட்டைகள் நிறைய இருந்தன. எழுத்தை நம்பக்கூடாது. வீடுகளில் எரியும் சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதாக் கதிர் அநேகமாக இருக்காது. பாலைவன ஓணான் வகைகளுக்கு விற்கும் விளக்கோ பறவைக்கு மிகையானது, கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

விளக்கைக் கூண்டுக்கு மேலே, தயாரித்தவர் சொன்ன 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டேன். சூரியன் பறவைக்கு மேலிருந்துதான் வருகிறது. பக்கவாட்டில் வைத்தால் ஒளி நேரே கண்ணில் குத்தும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லை. ஒளி கூண்டின் ஒரு பாதியில் மட்டும் விழுகிறது. வேண்டாமென்றால் பறவை மறு பாதிக்குப் போகலாம். ஒயர் அலகுக்கு எட்டாதபடி சுவரோடு சேர்த்துக் கட்டியாயிற்று.

ஹாலில் இருந்த பழைய சோக்கு டியூப்லைட்டையும் கழற்றச் சொன்னேன். நம் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சில சிறு பறவைகளின் கண் அதைவிட வேகமான துடிப்பையும் பிரித்தறியும் என்று அளந்திருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் சோக்கில் அந்தத் தொல்லை இல்லை.

டிசம்பர் 2

காலையில் விளக்கு எரியும் நேரத்தில் நான்கும் அந்தப் பாதிக்கே வந்து சேர்கின்றன. சிறகு கோதுவதும் ஒன்றின் தலையை ஒன்று நீவிவிடுவதும் அந்த வேளையில்தான் அதிகம்.

அப்போது அவை ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பதை நம்மால் பார்க்க முடியாது. நிறம் அறிய நமக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள், பட்ஜிக்கு நான்கு. நான்காவது, புற ஊதா ஒளியை உணர்வது. அதன் உச்சந்தலையிலும் கன்னத்திலும் உள்ள மஞ்சள் சிறகுகள் புற ஊதாவை உள்வாங்கி மஞ்சளாகவே ஒளிர்கின்றன. 2002-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சில பட்ஜிகளின் தலையில் சன்ஸ்க்ரீன் பூசி அந்த ஒளிர்வை மறைத்தார்கள். எதிர்ப்பாலினப் பட்ஜிகள் ஒளிரும் தலைகளையே விரும்பின. புற ஊதா இல்லாத அறையில் வளரும் பட்ஜி தன் துணையின் முகத்தைக்கூட முழுதாகப் பார்ப்பதில்லை. இதைப் படித்த பிறகு, விளக்கை ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

டிசம்பர் 20

இன்று இருட்டைப் பற்றி எழுத வேண்டும். சென்னையில் மார்கழிப் பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். ஜூனில் வரும் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. ஹாலில் டிவி ஓடும் வீட்டிலோ பகல் இரவு பதினொன்று வரை நீள்கிறது. இந்தப் பறவைகளுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தடையற்ற இருட்டு வேண்டும். இல்லையென்றால் சிடுசிடுப்பு, கடி, ஓயாத கத்தல்.

அதனால் மாலை ஏழு மணிக்குக் கூண்டு பின்னறைக்குப் போய்விடும். முதலில் பெரிய விளக்கு, கால் மணி கழித்துச் சிறிய விளக்கு என்று அணைக்கிறேன். ஒரேயடியாக அணைத்தால் இருட்டில் குச்சி தெரியாமல் தடுமாறும். காலையில் தலைகீழ் வரிசை, டைமர் பார்த்துக்கொள்கிறது.

ஜனவரி 18

எதிர்வீட்டு அக்கா தன் காக்கட்டீல் கிளியைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தார். ஜோடியே இல்லை, ஆனாலும் முட்டை போட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

"ராத்திரி எத்தனை மணி வரைக்கும் லைட் எரியுதுக்கா?"

"பன்னண்டு ஆயிடும். ஏன், லைட்டுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. 1920-களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன், உறைபனிக் குளிரில் ஜங்கோ குருவிகளுக்கு மின்விளக்கால் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். நடுக்குளிர்காலத்திலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. பறவையின் மூளையாழத்திலேயே ஒளியுணரும் செல்கள் உண்டு. மண்டையோட்டைக் கடந்தும் ஒளி அங்கே போகிறது. நீண்ட பகல் என்றால் 'குஞ்சு பொரிக்கும் காலம்' என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முட்டைக்கும் ஓடு செய்ய எலும்பிலிருந்து கால்சியம் போகும். கடைசியில் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெளிச்சத்தைப் பத்து மணி நேரத்துக்குக் குறைத்து, ஒளிந்துகொள்ளும் பெட்டியை எடுத்துவிட்டு, டாக்டரிடமும் காட்டச் சொன்னேன். காக்கட்டீல் நள்ளிரவில் திடுக்கிட்டுச் சிறகடித்து அடிபடும் இனம். அதனால் அதன் அறையில் மங்கலான ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று மட்டும் இருக்கலாம் என்றேன்.

ஏப்ரல் 12

வெயில் திரும்பிவிட்டது. காலை ஏழு முதல் எட்டரை வரை கூண்டு பால்கனியில், பாதி நிழலில். பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தாலோ உடனே உள்ளே. நேர் வெயில் கிடைக்கும் நாளில் புற ஊதா விளக்கை ஏற்றுவதில்லை. எந்த விளக்கும் காலை வெயிலுக்கு ஈடாகாது. அந்த விளக்குக்கு ஆயுளும் குறைவு. கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் புற ஊதா வலு இறங்கிவிடும். மாற்றும் தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காட்டுப் பறவை வெயிலுக்கும் நிழலுக்கும் தானே பறந்து போகும். கூண்டுப் பறவைக்கு விடிவதும் இருட்டுவதும் நம் கைச் சுவிட்சில். பறவை வாங்க ஆசைப்படுபவர்கள் கூண்டின் விலையை விசாரிப்பதற்கு முன் வீட்டில் இரண்டைப் பாருங்கள்: காலை வெயில் விழும் ஓர் இடம், மாலை ஏழு மணிக்கு இருட்டாகும் ஓர் அறை. வெயில் இல்லையென்றால் விளக்கு வாங்கலாம். இருட்டைக் கொடுக்க முடியாத வீட்டில் பறவை வளர்க்க வேண்டாம்.