கொழுக்குமலை ஜீப்பும் எங்கள் வீட்டு ஜீப்பும்

எங்கள் சோமனூரில் கோழி கூவுவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்டுவிடும். அந்தச் சத்தத்தையும் மீறி எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஒரே வாக்குவாதம். காரணம், மூத்த பையன் வாங்கி வந்த பழைய ஜீப். மலைப்பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சிநேகிதர்களோடு சேறு, பாறை எல்லாம் ஓட்ட வேண்டுமாம். அதற்காக வண்டிக்கு முன்னால் கனமான இரும்பு பம்பரும், அதற்குள் மின்சார விஞ்சும் வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"விஞ்ச்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுன்னா, எதிர்ல இருக்கிற மரத்துல கயித்தை மாட்டிட்டாப் போதும்மா. மோட்டார் கயித்தைச் சுத்தச் சுத்த வண்டி தானே வெளிய வந்துரும்" என்றான்.

அட, இது நம் தறியில் பாவு சுற்றிய பீம் மாதிரிதானே! எங்கள் அப்பாரு கிணற்றில் கவலை ஓட்டிய காலத்திலும் வடமும் உருளையும்தான் வேலை செய்தன. அதனால் விஞ்ச் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. இரும்பு பம்பர்தான் வயிற்றைக் கலக்கியது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கொழுந்தனார் வண்டியில் அப்படி ஒரு இரும்புக் கம்பி மாட்டியிருந்தார். ஒரு நாள் சாயங்காலம், சந்தில் மெதுவாகத் திரும்பும்போது சைக்கிளில் வந்த தறிக்காரப் பையன் மேல் பட்டுவிட்டது. பையனுக்குக் கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. "பார்த்தீங்களா, கம்பி இருந்ததால வண்டி தப்பிச்சுது" என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தப் பையனின் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்த நிலையில்தான் மே மாத லீவில் குடும்பத்தோடு கொழுக்குமலைக்குப் போனோம். பல்லடம், உடுமலை வழியாகச் சின்னாறு காட்டைத் தாண்டி, மறையூரில் வெல்லம் வாங்கிக்கொண்டு, மூணாறு போய், அங்கிருந்து சூரியநெல்லி சேர்ந்தோம். கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். சுமார் 7,900 அடி உயரம். கடைசி சில மைல்கள் பாதை என்றே சொல்ல முடியாது, கல்லும் பள்ளமும்தான். ஜீப் மட்டுமே ஏறும்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். குலுக்கலில் சின்னவள் என் மடியில் பம்பரமாக ஆடினாள். மேலே போனதும் காலுக்குக் கீழே மேகம் பஞ்சுப் பொதி போலக் கிடக்க, அதிலிருந்து சூரியன் எழுந்தது பாருங்கள், வந்த அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. அங்குள்ள பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் சூடாக டீ குடித்தோம்.

பையன் டீயைக்கூட மறந்து எங்கள் ஜீப்பின் மூக்கையே சுற்றிச் சுற்றி வந்தான். முன்னால் சாதாரணப் பட்டை பம்பர். விஞ்ச் கிடையாது. டிரைவரிடம் கேட்டேவிட்டான். அவர் சிரித்தார். "தம்பி, மூக்குல கனத்தை ஏத்துனா ஏத்தத்துல திருப்ப முடியாது, எறக்கத்துல நிக்காது. பின்னாடி கயிறு கிடக்கு, மம்பட்டி கிடக்கு. மாட்டுனா பின்னால வர்ற வண்டிக்காரன் இழுப்பான். நாளைக்கு அவன் மாட்டுனா நான் இழுப்பேன். இல்லீங்களாக்கா?" என்று என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்! டீயை இன்னொரு டம்ளர் வாங்கிக் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் பையனே கோவைக்குப் போய் ஒரு பட்டறைக்காரரிடம் விசாரித்தான். நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

விஞ்ச், ஆளும் சாமானும் ஏறிய வண்டியின் எடையைப் போல ஒன்றரை மடங்காவது இழுக்க வேண்டும். 2,200 கிலோ என்றால் 3,300 கிலோ. இரும்புக் கம்பிக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டால் எடை ஏழில் ஒரு பங்குதான். அறுந்தாலும் கம்பி போல் சாட்டையாக வீசாது. ஆனால் வெயிலும் பாறை உரசலும் அதற்கு ஆகாது. பம்பரை அலுமினியத்தில் செய்தால், அதே கனத் தகட்டில் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கப்பியைச் சேர்த்து இழுத்தால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆனா ரோட்டுல ஓடுற வண்டிக்கு இதை நான் மாட்ட மாட்டேனுங்கம்மா" என்றார். முன்னால் இப்படிக் கம்பி மாட்டுவது 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டதாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் அடி பலமாக விழும். புது வண்டிகளில் காற்றுப்பை சரியான நேரத்தில் விரியாமல் போகவும் கூடும்.

பையன் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அம்மா, கொழுந்தனார் வண்டிக் கதையைத்தானே நினைச்சுக்கிட்டிருந்தே?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

கடைசியில் ஜீப்பின் மூக்கு பழையபடியே இருக்கிறது. பின்னால் ஒரு பெட்டியில் நெம்புகோல் போட்டுக் கையால் இழுக்கும் சின்ன விஞ்ச், ஒரு கப்பி, மரத்துக்குக் கட்ட அகலமான பட்டை, தோல் கையுறை, மம்பட்டி. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் ஜீப் பைத்தியம் பிடித்த பிள்ளையோ வீட்டுக்காரரோ இருந்தால் இவற்றைச் சொல்லி வையுங்கள்:

* கயிறு இழுபடும்போது குழந்தைகளைத் தூரத்தில், பக்கவாட்டில் நிறுத்துங்கள். கயிற்றை யாரும் தாண்டக் கூடாது.

* கயிற்றின் நடுவில் ஒரு கனமான ஜமுக்காளத்தைப் போடுங்கள். அறுந்தால் வீச்சை அது அடக்கும்.

* மரத்தில் கயிற்றை நேராகச் சுற்றாதீர்கள். பட்டை உரிந்து மரம் பட்டுப்போகும். அகலப் பட்டைதான் போட வேண்டும்.

* வெறுங்கையால் கம்பியைத் தொடக் கூடாது. சிலும்பு கையைக் கிழித்துவிடும்.

போன மழையில் எங்கள் ஜீப் ஒரு தோட்டத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. பையன் நெம்புகோலை ஆட்ட, அவன் அப்பா கயிற்றைப் பார்க்க, அரை மணியில் வண்டி கரையேறியது. சின்னவளை நான் தூரத்து வேப்ப மரத்தடியில் பிடித்துக்கொண்டு நின்றேன்.