சுணையை வரைதல்

தாவரப் படம் வரைகிறவருக்கு நரம்பும் விளிம்பும் சீக்கிரமே கைவந்துவிடும். கையைப் பிடித்து நிறுத்துவது சுணைதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து இலையின் அடிப்புறத்தைப் பார்த்தால், வழவழப்பு என்று நினைத்த இடத்திலும் ஏதோ ஒன்று முளைத்திருக்கும். மேல்தோல் செல்களிலிருந்து கிளம்புகிற இவற்றைப் பாடநூல்கள் தூவி என்கின்றன. ரம்புத்தான் பழத்தின் முடியை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தோலே சதைப்பற்றோடு நீண்டு வளர்ந்தது.

எந்தப் பக்கம் சாய்கிறது, கிளைக்கிறதா, நுனியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை. பினாங்கில் பல வீட்டு வாசல்களில் தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலையில் நீண்டு கூர்த்த தூவிகள் ஒரு வகை. அவற்றுக்கு நடுவே, குட்டைக் காம்பின் மேல் உருண்டைத் தலையோடு நிற்பவை இன்னொரு வகை. எண்ணெய் அந்தத் தலைகளில்தான் இருக்கிறது. இருமலுக்கு இலையைக் கசக்கும்போது விரலில் ஏறுகிற வாசம், அவை உடைந்து வருவது. எல்லாவற்றையும் ஒரே கோடாக இழுத்துவிட்டால் அந்தப் படத்தில் மருந்து இருக்காது. இதே பினாங்கின் செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டிய தமிழர்களுக்கு லென்ஸே தேவைப்பட்டிருக்காது. தோகையின் சுணை முழங்கையிலும் கழுத்திலும் தன்னைக் காட்டியிருக்கும்.

பாலிக் பூலாவ் தோட்டங்களின் டுரியான் இலை வேறு மாதிரி. மேலே பளபளக்கும் கரும்பச்சை. கீழே செம்புப் பொடியைத் தடவிவிட்டது போன்ற நிறம். லென்ஸில் அந்தப் பொடி தட்டையான செதில்களாகவும் நட்சத்திர வடிவத் தூவிகளாகவும் பிரியும். முழு இலைக்கும் அவற்றை வரையப் புகுந்தால் ஆயுள் போதாது. நகக்கண் அளவு இடத்தை மட்டும் ஒன்றுவிடாமல் வரைந்துவிட்டு, மற்றதை வண்ணத்திடம் ஒப்படைப்பேன்.

ஆனால் என் மனசு நிற்பது பினாங்கின் கொடிமலையில். 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கிய, 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை. அங்கே நெப்பந்திஸ் அல்போமார்ஜினேட்டா என்ற குடுவைச் செடி வளர்கிறது. பறிக்கக் கூடாது, இருந்த இடத்திலேயே குந்தி வரைய வேண்டும். குடுவையின் உதட்டுக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு வெள்ளைப் பட்டை. தூரத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி தெரிவது, கிட்டே போனால் நெருக்கமாக முளைத்த தூவிகள். வெள்ளைத் தூவிக்கு நான் வெள்ளை வண்ணம் பூசுவதில்லை. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, இடையிலுள்ள நிழலுக்கு மட்டும் புள்ளி வைப்பேன். முதுகு வலிக்கும் வேலை.

தூவி என்றாலே செடியின் காவல் என்றுதான் நமக்குப் பழக்கம். இந்தத் தூவியோ தின்னக் கொடுக்கிற இரை. திறந்தவெளியில் அணிவகுத்துப் போய்ப் பாசிக்காளான் மேயும் ஒரு வகைக் கறையான் உண்டு. புருணையில் அதைக் கவனித்த மெர்பாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2002இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கறையான் வரிசைக்குப் பக்கத்தில் தூவியுள்ள குடுவைகளையும் தூவியில்லாதவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். தூவி உள்ளவற்றில்தான் கூட்டம் மொய்த்தது. மேய்ந்தவை நெருக்கியடித்து உள்ளே விழுந்தன, ஒரு குடுவையிலேயே ஆயிரக்கணக்கில். பட்டை தின்று தீர்ந்த பிறகு அந்தக் குடுவையைக் கறையான் சீந்துவதில்லை.

படம் வாங்க வருகிறவர்கள் வெள்ளைப் பட்டை முழுசாக உள்ள குடுவையைத்தான் கேட்பார்கள். நான் ஒரே தாளில் இரண்டு வரைகிறேன்: பட்டையோடு ஒன்று, மேயப்பட்டது ஒன்று. இரண்டாவதை நெடுக வெட்டிய தோற்றத்தில் வரைவேன், உள்ளே குவிந்து கிடக்கும் கறையான்களோடு. சிலருக்கு அது பிடிப்பதில்லை. முதலாவதை மட்டும் கத்தரித்துத் தரச் சொல்வார்கள். தருவதில்லை.