அந்நியக் கரமும் சொந்தக் கரமும்

2003 அக்டோபரில் கெய்ரோ ஆபரா மாளிகையில் நடந்த ஒரு பரிசளிப்பு விழாவை அரபு இலக்கிய வாசகர்கள் எளிதில் மறப்பதில்லை. எகிப்திய அரசின் கலாச்சார மன்றம் அரபு நாவலுக்காக அளிக்கும் விருதுக்குச் சொனல்லா இப்ராஹிம் தேர்வாகியிருந்தார். நடுவர் குழுவின் தலைவர் சூடானின் பெரும் நாவலாசிரியர் தையிப் சாலிஹ். பரிசுத் தொகை ஒரு லட்சம் எகிப்தியப் பவுண்டு. மேடையேறிய சொனல்லா, எழுதி வைத்திருந்த அறிக்கையை வாசித்தார். அமெரிக்க, இஸ்ரேலியக் கொள்கைகளையும், அவற்றுக்கு வழிவிட்டு உள்ளே மக்களை ஒடுக்கும் தம் அரசையும் ஒருசேரக் கண்டித்தார். இத்தகைய பரிசை அளிக்கும் நம்பகத்தன்மை இந்த அரசுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பரிசை ஏற்காமல் இறங்கிப் போனார்.

நாவல்களின் வழியாகவே அரபுலகை அறிய நேர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அச்செயல் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. ஒரு மக்கள் கூட்டம் தன் ஆட்சியை மாற்றிக்கொள்ள எழும்போது அதைப் பிடித்து நிறுத்துவது வெளியிலிருந்து நீளும் கையா, வீட்டிலேயே இருக்கும் கையா?

1981-இல் வெளிவந்த அவரது 'குழு' என்ற நாவலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சதாத் எகிப்தின் சந்தையை அந்நிய முதலுக்குத் திறந்துவிட்டதைத் தொடர்ந்து எழுதப்பட்டது. மர்மமான ஒரு குழுவின் முன் நிற்கும் கதைசொல்லியிடம், இந்நூற்றாண்டின் அடையாளமாக எது எஞ்சும் என்று கேட்கப்படுகிறது. கொக்கோ கோலா புட்டி என்கிறான் அவன். இறுதியில் தன்னைத் தானே தின்னும்படி அவனுக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. அவன் வீடு திரும்பித் தின்னத் தொடங்குகிறான். தண்டனையை விதித்தவர்கள் யாராயினும் அதை நிறைவேற்றுபவன் அவனேதான். அரபு நாடுகளின் கடந்த கால் நூற்றாண்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த முடிவே நமக்கு நினைவில் எழுகிறது.

வெளிக்கரம் கற்பனை அன்று. 1979-இல் இஸ்ரேலுடன் எகிப்து செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையைத் தொடர்ந்து அமெரிக்க உதவி பெருகியது. 1980-களின் பிற்பகுதி முதல் ராணுவத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் என்று அது நிலைபெற்றது. வரி செலுத்தும் மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டிய தேவை குறையும்போது, ராணுவம் தன் மக்களை விடத் தன் புரவலரையே அதிகம் நாடும். 2011 பிப்ரவரி 11 அன்று முபாரக் பதவி விலகினார். அவரைத் தாங்கிய அமைப்பு விலகவில்லை. 2013 ஜூலையில் தேர்தலில் வென்ற முர்ஸியை ராணுவம் அகற்றியபோது, சவூதி அரேபியாவும் அமீரகமும் குவைத்தும் சில நாட்களிலேயே 1200 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. அடுத்த மாதம் ராபா சதுக்கத்தில் ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. அமெரிக்கா உதவியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது; 2015-இல் மீண்டும் திறந்துவிட்டது.

பஹ்ரைனில் இதற்குச் சுற்றுவழி கூடத் தேவைப்படவில்லை. 2011 மார்ச் 14 அன்று சவூதிப் படைகள் கடற்பாலத்தைக் கடந்து வந்தன. நான்கு நாட்களில் மக்கள் கூடிய முத்துச் சதுக்கத்தின் நினைவுத்தூணே இடித்துத் தள்ளப்பட்டது. அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படைத் தளம் அதே தீவில்தான் இருக்கிறது.

ஆயினும் இவ்வுண்மையை ஆள்வோர் எவ்வாறு கையாள்கின்றனர் என்பதையும் பார்க்க வேண்டும். எகிப்தில் 2011 டிசம்பரில் தன்னார்வ அமைப்புகளின் அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன. அந்நியப் பணம் பெற்ற வழக்கில் 2013-இல் 43 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. (மேல்முறையீட்டுக்குப் பின் நடந்த மறுவிசாரணையில் 2018-இல் பலர் விடுதலையாயினர்.) கோடிக்கணக்கான டாலர்களை வெளியிலிருந்து பெறும் அரசு, சில ஆயிரங்களைப் பெற்றவரைத் துரோகி என்கிறது. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற நேர்மையான சொல், கொடுங்கோலனின் வாயில் விலங்காக மாறும் இடம் இது. நாம் நேசிக்கும் சொல் என்பதற்காக அதை அவன் எடுத்தாளும்போது தலையசைப்பது நமக்கு உடன்பாடில்லை.

அந்நியப் படையே விடுதலையைக் கொண்டுவரும் என்ற வாதத்துக்கு 2003-இன் ஈராக்கும் 2011-இன் லிபியாவும் பதில் சொல்லிவிட்டன. சிரியாவில் ரஷ்யாவும் ஈரானும் தாங்கிய ஆட்சி, தாங்கியவர்கள் தளர்ந்ததும் 2024 டிசம்பரில் இரண்டு வாரங்களுக்குள் சரிந்தது. வெளிக்கரத்தால் ஓர் ஆட்சியைக் கவிழ்க்க முடிகிறது, நீட்டிக்கவும் முடிகிறது. அதற்குப் பின் வர வேண்டியதை அதனால் கட்ட முடிவதில்லை.

துனிசியாவின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. பென் அலி தப்பியோடுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு கூட, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தம் நாட்டுக் காவல்துறையின் திறனை அவருக்கு உதவ முன்வைத்தார். அதையும் மீறி மக்கள் வென்றனர். 2013-இல் நாடு பிளவுபட்டபோது தொழிற்சங்கமும் வழக்கறிஞர்களும் மனித உரிமைக் கழகமும் தொழில்முனைவோர் அமைப்பும் கட்சிகளைப் பேச வைத்தன. 2015-இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றன. ஆனால் 2021 ஜூலையில் அதிபர் கயீஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது வெளிப்படை எதுவும் வரவேண்டியிருக்கவில்லை. வாயிலை மறித்து நின்றது துனிசிய ராணுவத்தின் கவச வண்டி. விலைவாசியாலும் கட்சிச் சண்டையாலும் சலித்துப்போன மக்களில் பலர் அன்றிரவு தெருவில் இறங்கிக் கொண்டாடினர்.

சொனல்லாவும் 2013-இல் ராணுவத்தின் பக்கமே சாய்ந்தார். நாசரின் சிறையில் ஐந்தாண்டுகள் கிடந்தவர், முபாரக்கின் பரிசை மறுத்தவர், முஸ்லிம் சகோதரத்துவத்தின் மீதான அச்சத்தில் அப்படி நின்றார். 2025 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது அஞ்சலிகளினூடே இதுவும் நம் மனத்தில் உறுத்தியது. அவரை இதனால் நிராகரிக்க நம்மால் இயலாது. இதை மறைத்து அவரைப் போற்றவும் இயலாது. எதிராளியின் மீதான அச்சமே சொந்தக் கரத்தைப் பிறர் கையில் ஒப்படைக்க வைக்கிறது என்பதை அவர் வாழ்க்கையும் காட்டுகிறது.

எனவே அரபுலகில் மாற்றம் வருமா என்று கேட்போருக்கு நாம் தலைநகரங்களின் தூதரகங்களைச் சுட்டப்போவதில்லை. 2006-இல் மஹல்லா நகரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தையும், துனிசியத் தொழிற்சங்கத்தின் பொறுமையான பேச்சுவார்த்தையையுமே சுட்டுவோம். எதிராளியோடு ஒரே மேசையில் அமரும் பழக்கம் அங்கே கொஞ்சம் உருவாகியிருந்தது. அதை அழிக்கவே ஆட்சியாளர்கள் முதலில் முனைகின்றனர் என்பதிலிருந்தே அதன் மதிப்பை நாம் அறியலாம்.